ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்த மேகங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியின் கம்ப்யூட்டரில் மேகங்கள் வந்தன. திங்கட்கிழமை காலையில் நின்றுபோயின. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் திரை கறுப்பாகவே இருக்கும். மறுநாள் எதுவுமே நடக்காததுபோல, வெள்ளையும் சாம்பலுமாக, கடலும் கரையுமாக, பாதி உலகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"உங்க சாட்டிலைட் எந்த ஆபீஸ் அண்ணி?" என்றான் கொழுந்தன். "எல்லாரும் ஞாயித்துக்கிழமை லீவு போடுவாங்க. இது ஞாயித்துக்கிழமை மட்டும் வேலைக்கு வருது."

அண்ணி கையில் ஒரு திருப்புளி இருந்தது. திருப்புளி இருக்கும்போது அவள் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

அது ஒரு சலவைக்கடை. கீழ்த்தளத்தில் இரண்டு துவைக்கும் மெஷின்கள், ஒரு பிழியும் மெஷின். பின்னறையில் இஸ்திரி மேஜை. நடுத்தளத்தில் வீடு. அதற்கு மேலே மொட்டை மாடி, மாடி முழுக்கத் துணி காயப்போடும் கொடிகள். லாட்ஜுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள். எல்லாம் வெள்ளை. மெஷின்கள் அண்ணியின் கணவனுடையவை. அவன் தொட்டால்தான் அவை ஓடும் என்று அவன் நம்பினான், மெஷின்களும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டன. இஸ்திரியும் மடிப்பும் நாத்தனாரின் வேலை. அவள் அவனுக்கு அக்கா. அவள் மடித்த விரிப்பின் ஓரத்தில் விரல் வெட்டிக்கொள்ளலாம். கொழுந்தன் வேன் ஓட்டினான், வாடிக்கை பிடித்தான். துணியை விரிப்பதும் எடுப்பதும் அண்ணி. ஆகவே வானம் அவள் இலாகா.

வானத்தோடு அவளுக்குப் பழைய பகை உண்டு. ஒரு முறை போன் வெயில் என்றது. அவள் மாடி முழுக்க விரித்தாள். மத்தியானம் மழை கொட்டி, அத்தனையும் மறுபடி மெஷினுக்குப் போனது. இன்னொரு முறை போன் மழை என்றது. துணி எல்லாம் கூடத்துக்குள் தொங்கி, வீடே ஈர வாடை அடித்தது. வெளியே நாள் முழுக்க வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"போன் ஊருக்குச் சொல்லுது," என்றாள் அண்ணி. "எனக்கு என் மாடிக்கு வேணும்."

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் மாடி மூலையில் நின்றது. யாரோ வேண்டாம் என்று கழற்றிப் போட்ட பெரிய டிவி டிஷ். அதன் வாயில் டிவி கருவிக்குப் பதிலாக ஒரு சோப்புத்தூள் தகர டப்பா. டப்பாவுக்குள் சுண்டுவிரலைவிடச் சின்னதாக ஒரு செம்புக் கம்பி. அங்கிருந்து ஒரு கேபிள் கீழே இறங்கி, வீட்டுக்குள் தீப்பெட்டி அளவுள்ள ஒரு ஆம்ப்ளிஃபயருக்கும், பென்டிரைவ் போன்ற ஒரு ரிசீவருக்கும் போய், கடைசியில் பழைய மடிக் கம்ப்யூட்டரில் முடிந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே, பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றிக்கொண்டு, ஒரே இடத்தில் நிற்பதுபோல நிற்கும் வானிலைச் செயற்கைக்கோள்கள் உண்டு. அவை மேகங்களைப் படமெடுத்துச் சும்மா கீழே பொழிந்துகொண்டே இருக்கின்றன. பிடிக்கத் தெரிந்தவர் பிடித்துக்கொள்ளலாம். இது அவள் ஒரு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டது. வீடியோவில் வந்த ஆள் பேசிய மொழி அவளுக்குப் புரியவில்லை. அவன் கை செய்தது புரிந்தது.

கை விஷயம் அவளுக்குப் புரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் டிவி செய்யும் தொழிற்சாலையில் பற்றவைக்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தவள். சர்க்யூட் பலகை வரும். அவள் பங்குக்கு உள்ள முனைகளைப் பற்றவைப்பாள். பலகை நகர்ந்துவிடும். எத்தனையோ ஆயிரம் பலகைகள். அவற்றில் ஒன்றிலாவது படம் ஓடி அவள் பார்த்ததில்லை. அவை அட்டைப்பெட்டிக்குள் போய், லாரியில் ஏறி, யார் யார் வீட்டிலோ யார் யார் முகத்தையோ காட்டின. தொழிற்சாலை ஒருநாள் மூடிக்கொண்டது. அவள் இங்கே வந்தாள். ஈரத்துணியின் கனம் பழகியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, டிஷ்ஷைத் திருப்புவதும் கீழே ஓடிவந்து பார்ப்பதுமாக, திரையில் சிக்னல் எண் ஏறுகிற இடத்தில் நிறுத்தி போல்ட்டை இறுக்கிவிட்டு அவள் கீழே வந்தபோது, திரையில் மேலிருந்து ஒவ்வொரு கோடாக மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. கடைசிக் கோடு வரும்வரை நின்றபடியே பார்த்தாள். பிறகு நாத்தனார் வந்து, "என்ன, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்ட பிறகுதான் தன் முகம் ஈரமாக இருப்பது தெரிந்தது.

"இல்லக்கா. வந்திருக்கு," என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கறுப்பு.

*

இப்படியே சில வாரங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை கடையில் துவைப்பு கிடையாது. மழை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. மேகம் வேண்டாத நாளில் மேகம் வந்தது, வேண்டிய நாட்களில் வரவில்லை. கொழுந்தனின் நண்பர்கள் அவளுக்கு ஆன்டெனா அண்ணி என்று பெயர் வைத்தார்கள். அது தெருவுக்குப் பரவியது. எதிர்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெயிண்டர் ஏணியில் நின்றபடியே கேட்டார்.

"ஆன்டெனா அண்ணி, இன்னைக்கு வெளிச்சுவர் அடிக்கலாமா?"

"ஞாயித்துக்கிழமை கேளுங்க, சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை நான் சுவர்கிட்டயே வரமாட்டேனே."

"அப்ப நமக்குள்ள பேச்சே இல்லை."

அண்ணி சிரித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கிவந்தாள். இறங்கும்போது சிரிப்பு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் ஒரு மருத்துவமனையின் சலவை வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். பெரிய வேலை. பக்கத்துத் தெருச் சலவைக்காரர்கள் கேட்டும் கிடைக்காத வேலை. வீட்டில் எல்லாரும் அவனைப் பாராட்டினார்கள். அண்ணியும்தான். பிறகு அவன் மாடிக்குப் போய்க் கையை விரித்து அளந்தான்.

"கொடி பத்தாது அண்ணி. இன்னும் ரெண்டு வரிசை கட்டணும். கட்டறதுக்கு இருக்கறது அந்த மூலைதான்."

அந்த மூலையில் டிஷ் இருந்தது.

"இறக்கிடலாமே," என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. "மேகம் போன்லயே வருதே அண்ணி. இதே படம்தான். நல்லா கலர்ல வருது."

"வருது. யாரோ எடுத்துக் குடுக்கறாங்க."

"எடுத்துக் குடுத்தா என்ன?"

"இது நான் எடுக்கறது தம்பி."

அவன் அண்ணனைப் பார்த்தான். கணவன் நாத்தனாரைப் பார்த்தான். நாத்தனார் விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னாள். "என்னை ஏன்டா பாக்கறே? உன் பொண்டாட்டி, உன் மாடி."

கணவன் கொஞ்சம் யோசித்தான். அவன் நியாயஸ்தன், மெஷின் விஷயம் தவிர. "ஆஸ்பத்திரித் துணி வர்ற நாளுக்குள்ள, துவைக்கிற நாள்ல ஒரு நாள் படம் வரட்டும். வந்தா அது இருக்கட்டும், கொடிக்கு வேற வழி பாப்போம். வரலேன்னா இறக்கிடு. சரியா?"

"சரி," என்றாள் அண்ணி.

துணி அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

*

யோசித்தால் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை ஓடாதது எது? மெஷின். மோட்டார் சுற்றும்போது மின்சாரத்தில் இரைச்சல் கிளம்பும், அந்த இரைச்சல் செயற்கைக்கோளின் மெல்லிய பேச்சை அமுக்கிவிடும். வீடியோவில் வந்த ஆளும் ஒரு மின்விசிறியைச் சுட்டிக்காட்டி அப்படித்தான் தலையை ஆட்டியிருந்தான்.

"என் மெஷினா?" என்றான் கணவன்.

"பிழியறது மேலதான் சந்தேகம்."

"அது வாய் திறந்து ஒரு சத்தம் போடாது. ஊமைக்குழந்தை மாதிரி. அதைப் போயி சொல்றியே."

"காதுக்குக் கேக்கற சத்தம் இல்லைங்க. கொஞ்ச நேரம் நிறுத்துங்க, போதும்."

"நனைஞ்ச துணி உள்ள கிடக்கு. இப்ப நிறுத்தினா நாத்தம் பிடிக்கும்."

"பத்து நிமிஷத்துல நாத்தம் பிடிக்கிற துணியா துவைக்கிறீங்க?"

நாத்தனார் இஸ்திரி மேஜையிலிருந்து கெக்கெக்கென்று சிரித்தாள். கணவன் எழுந்துபோய் மெஷினை நிறுத்தினான். வேண்டா வெறுப்பாக, தன் பிள்ளையைப் போலீசில் ஒப்படைப்பவன்போல. அண்ணி மேலே ஓடினாள். சிக்னல் எண் அசையவில்லை. படத்துக்கு மூன்று வேண்டும். அது ஒன்றுக்குக் கீழே படுத்துக் கிடந்தது.

அவள் படியிறங்கி வருவதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் மெஷினைப் போட்டுவிட்டான். அன்று முழுக்க அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தான்.

மெஷின் இல்லையென்றால் இஸ்திரி. இஸ்திரி இல்லையென்றால் தண்ணீர் மோட்டார். கடையின் குழல்விளக்குகள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர். ஒருநாள் அவள் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள். வீடு முழுக்க இருட்டு. கம்ப்யூட்டர் தன் பேட்டரியில் ஓடியது. கொழுந்தன், கணவன், நாத்தனார் மூவரும் வியர்வையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மேகத்துக்காக இஸ்திரிப் பெட்டியை அணைச்ச குடும்பம் உலகத்துல நாமதான்," என்றாள் நாத்தனார். அவள் கையில் ஆறிப்போன இஸ்திரிப் பெட்டி இருந்தது. கீழே வைக்க மறந்திருந்தாள்.

"வருதா?" என்றான் கணவன்.

"இல்லை."

"அப்ப என் மெஷின் மேல குத்தம் இல்லை."

"இல்லைங்க."

"எல்லார் முன்னாடியும் சொன்னே இல்ல. அது போதும்."

காரணம் மின்சாரம் இல்லை என்றானது. பிறகு அவள் கேபிளைப் பிடித்தாள். முனைகளை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தாள். ஒரு முனையில் துளி ஈரம் இருந்தது. இதுதான், இதுதான் என்று துள்ளிக்கொண்டு அதைத் துடைத்து, ரப்பர் நாடா சுற்றி மூடினாள். ஞாயிற்றுக்கிழமை படம் முன்னைவிடப் பளிச்சென்று வந்தது. திங்கட்கிழமை அதே கறுப்பு. டப்பாவைக் கழற்றிக் கம்பியின் நீளத்தைத் திருத்தினாள். ஞாயிறு வந்தது, திங்கள் போனது. துணி ஒருவேளை குறுக்கே வருகிறதோ என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கொடி கட்டுகிறவளே அவள்தான். டிஷ்ஷை வைத்த நாளிலேயே அதன் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்து, அந்த வழியில் ஒரு கைக்குட்டைகூடத் தொங்காதபடி கொடிகளைத் தள்ளிக் கட்டியிருந்தாள். டிஷ்ஷின் முன்னால் தெரு தெரிந்தது. அதற்கப்பால் எதிர்வீட்டுச் சுவர், ஏணி, பெயிண்டர்.

"வாரம் முழுக்க எல்லாரும் பாப்பாங்க இல்ல, அதான் கூட்டம்," என்றான் கொழுந்தன். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் தூங்குவாங்க. உங்களுக்குக் கிடைக்குது."

"அது ரேஷன் கடை இல்லை தம்பி."

"தெரியும் அண்ணி. உங்களைப் பேச வைக்கலாம்னுதான்."

அவன் அப்போது ஒரு கயிற்றுக் கட்டை மாடியில் கொண்டுவந்து வைத்துவிட்டான். புதுக் கொடிக்கான கயிறு. மூலையில், டிஷ்ஷின் காலடியில். அவள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

*

மழை ஒரு வியாழக்கிழமை வந்தது.

மாடி நிறைய விரிப்புகள். மேற்கே திடீரென்று இருட்டியது. கம்ப்யூட்டர் கறுப்பாக இருந்ததால் அவளுக்கு எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை. முதல் காற்று வந்ததும், "எடுங்க!" என்று கத்தினாள். நாலு பேரும் மாடிக்கு ஓடினார்கள். கொடியிலிருந்து உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். கடைசி விரிப்பு உள்ளே போகவும் பெருந்துளிகள் விழவும் சரியாக இருந்தது.

அண்ணி தோளில் ஈரத்துணியோடு கூடத்தில் நின்றாள். கம்ப்யூட்டர் திரையில் எண் நாலைத் தாண்டி நின்றது. மேலிருந்து ஒரு கோடு இறங்கியது. இன்னொரு கோடு. மேகம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் தலைக்கு நேர்மேலே, பெரிய வெள்ளைத் திட்டாக.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "மழை வருதுன்னு சொல்லுது," என்றான். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாத்தனாராலும் முடியவில்லை. கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. மழையில் சிக்னல் குறைய வேண்டும். அதுதான் எல்லாரும் சொல்வது. மழை பெய்தால் டிவியில் படம் உடையும், தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. இங்கே மழையில் ஏறியிருக்கிறது. இன்று வியாழக்கிழமை. மெஷின் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் கேட்கிறது. இஸ்திரி சூடாக இருக்கிறது. எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாடியிலிருந்து போனது ஒன்றே ஒன்றுதான். அது அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"துணிதான்," என்றாள்.

"துணி எங்க அண்ணி குறுக்க இருக்கு? நீங்கதானே தள்ளிக் கட்டினீங்க?"

"எங்க இருக்குன்னு தெரியலை. ஆனா துணிதான்."

மழை விட்டதும் அவனை மறுபடி மாடிக்கு அனுப்பினாள். ஒரு துண்டை நனைத்து, ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டி, அவன் கையில் கொடுத்தாள். அவள் படிக்கட்டு வாசலில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டிஷ் முன்னாடி பிடி."

பிடித்தான்.

"நாலு. இடது பக்கம் போ. நாலு. வலது பக்கம். அதே நாலு."

"நான் என்ன கோயில் கொடியா அண்ணி, இப்படி ஆட்டறீங்க?"

"கம்பைத் தூக்கு."

"எவ்வளவு?"

"தூக்கிக்கிட்டே போ."

அவன் தூக்கினான். துண்டிலிருந்து தண்ணீர் அவன் சட்டைக்குள் இறங்கியது. எதிர்வீட்டு ஏணியில் பெயிண்டர் ஈரச் சுவரைத் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"மூணு," என்றாள் அண்ணி. "ரெண்டு. நில்லு! அசையாதே. ஒண்ணு."

துண்டு டிஷ்ஷுக்கு நேர் எதிரே இல்லை. அதன் தலைக்கு வெகு மேலே, கை எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த உயரத்தில் மாடியில் ஒரே ஒரு கொடி ஓடியது. இரட்டைக் கட்டில் விரிப்புகள் தரையில் புரளாமல் இருக்க, உயரமான கம்பங்கள் நட்டுக் கட்டிய நெட்டைக் கொடி. வீட்டிலேயே நல்ல வெயில் படும் கொடி. வேலை நாட்களில் அதுதான் முதலில் நிறையும்.

பழைய டிவி டிஷ்ஷுக்கு ஒரு குணம் உண்டு. அது முகத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் பார்ப்பது அதற்கு எவ்வளவோ மேலே உள்ள வானத்தை. டப்பா நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பது அதற்காகத்தான். அவள் அதன் முகத்துக்கு நேரே வழியைத் துடைத்து வைத்திருந்தாள். அது பார்க்கும் வழியில் தினமும் தன் கையாலேயே ஈர விரிப்பைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

உலர்ந்த துண்டைக் கட்டி மறுபடி பிடிக்கச் சொன்னாள். எண் குறையவே இல்லை. ஈரம்தான் மறைத்தது. துணி காய்ந்ததும் வழி திறந்திருக்கும். ஆனால் அவர்கள் காய்ந்ததை உடனே எடுத்துவிட்டு அடுத்த ஈரத்தைப் போட்டுவிடுவார்கள், ராத்திரிக்கும் சேர்த்து. சுறுசுறுப்பான குடும்பம்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே சத்தமாகச் சிரித்தாள். கொழுந்தன் கம்பை இறக்காமலே நின்றான்.

"இறக்கலாமா அண்ணி? கை போச்சு."

"இறக்கு தம்பி. கண்டுபிடிச்சாச்சு."

"என்ன ஆச்சு?" என்று பெயிண்டர் ஏணியிலிருந்து கேட்டார்.

"நான்தான் மறைச்சிருக்கேன்," என்றாள் அண்ணி. அதை அவ்வளவு பெருமையாகச் சொன்னாள்.

*

காரணம் தெரிந்தது, இடம் கிடைக்கவில்லை. வியாழக்கிழமைப் படம் துணியில்லாத மாடியில் வந்தது, கணவன் போட்ட கணக்கில் அதைச் சேர்க்க அண்ணிக்கே மனமில்லை. நெட்டைக் கொடியை அவிழ்க்க முடியாது. மருத்துவமனைத் துணி வந்தால் அதுபோல இன்னும் வேண்டும். டிஷ்ஷை மாடியில் எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு கொடி குறுக்கே வரும். மாடிக்கு மேலே இருந்தது மாடிப்படி அறையின் கூரை மட்டும்தான். அதற்குப் படி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வந்தார். சுவர்கிட்டயே வரமாட்டேன் என்றவர், ஏணியோடு வந்தார். கணவனும் கொழுந்தனும் டிஷ்ஷைத் தூக்கிக் கொடுக்க, அண்ணி கூரைமேல் நின்று வாங்கினாள். நாத்தனார் கீழே நின்று, "ஏம்மா, ஓரத்துக்குப் போகாதே, ஓரத்துக்குப் போகாதே," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சிமெண்ட் கல்லில் காலை ஊன்றி போல்ட்டை இறுக்கினார்கள். கேபிள் எட்டவில்லை. நீளக் கேபிள் போட்டால் எண் பாதியாக இறங்கியது. வழியில் கேபிளே அதைத் தின்றுவிடுகிறது. அண்ணி ஆம்ப்ளிஃபயரை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய் டப்பாவை ஒட்டியே வைத்தாள், மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் கவிழ்த்து மூடி. அங்கேயே பெருக்கிவிட்டால் வழியில் தின்னக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். தூரத்தை இன்னும் குறைக்க ரிசீவரும் கம்ப்யூட்டரும் படி அறைக்குள் ஒரு சோப்பு அட்டைப்பெட்டி மேல் ஏறின. எண் ஐந்துக்குப் போனது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையை அவள் நம்புவதை விட்டுவிட்டிருந்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரித் துணி," என்றான் கொழுந்தன்.

"தெரியும்."

*

திங்கட்கிழமை காலை வேன் நிறைய வந்தது. மெஷின்கள் விடியலிலிருந்து ஓடின. முதல் சுமை பிழிந்து வெளியே வந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. போன் மழைப் படம் போட்டது. தெருவில் மாடி மாடியாகத் துணி உள்ளே போனது. பெயிண்டர் வாளியை மூடினார்.

"சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுக்கணும் அண்ணி," என்றான் கொழுந்தன். "முதல் நாள். நனைஞ்சா அவ்வளவுதான். கூடத்துல கட்டிடலாம்."

"கூடத்துல கட்டினா சாயங்காலத்துக்குள்ள காயுமா?"

"காயாது. ஆனா நனையாது."

அண்ணி படி அறைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். திரையில் அன்று விடிந்ததிலிருந்து வந்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாள். மேற்கே ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. அது வளர்ந்தது. ஆனால் அவர்கள் பக்கம் வரவில்லை. கரையை ஒட்டியபடியே வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரம் மட்டும் நூலாம்படைபோல அவர்கள் ஊர்மேல் படிந்து கிடந்தது.

"நமக்குத் தெரியற கறுப்பு அதோட ஓரம். உடம்பு அந்தப் பக்கம் போகுது," என்றாள். "விரிக்கலாம்."

"அண்ணி, விளையாடாதீங்க."

கணவன் படத்தை வெகுநேரம் பார்த்தான். அவனுக்கு அதில் எதுவும் புரியவில்லை என்பது அவன் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்றே?"

"விரிக்கலாம்னு சொல்றேன்."

அவன் கீழே போனான். முதல் ஈரச்சுமையை அவனே தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். மெஷினை விட்டு அவன் மாடிக்குத் துணி தூக்கிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை.

கறுத்த வானத்துக்குக் கீழே தெருவில் ஒரு மாடி மட்டும் வெள்ளையாக நிறைந்தது. குட்டைக் கொடிகள், நெட்டைக் கொடி, கைப்பிடிச் சுவர். ஜன்னல்களில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். யாரோ, "சலவைக்கடைக்காரங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்று கேட்டது மேலே வரைக்கும் கேட்டது.

கடைசி விரிப்பைப் போட்டு முடித்த நேரத்தில் அண்ணியின் கையில் ஒரு துளி விழுந்தது. நாத்தனாரின் நெற்றியில் ஒன்று.

"தூறுது," என்றாள் நாத்தனார்.

கொழுந்தன் ஒரு விரிப்பின் நுனியைப் பிடித்தான். கணவன் இன்னொன்றை. உருவுவதற்குத் தயாராக மூவரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணி படி அறைக்கு ஓடினாள். ஓடும்போது அவள் மழையை நினைக்கவில்லை. மாடி முழுக்க ஈரம் தொங்குகிறது. இதற்கு முன்னால் இப்படித் தொங்கிய ஒரு நாளும் அவளுக்குப் படம் வந்ததில்லை. இப்போது திரை கறுப்பாக இருந்தால் அவளுக்கும் ஜன்னலில் நிற்பவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இறக்கு என்று சொல்வதா, விடு என்று சொல்வதா என்று தெரியாது. பிறகு டிஷ்ஷும் இல்லை.

திரையில் ஐந்து. புதுப் படத்தின் கோடுகள் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக. வெள்ளைத் திட்டு வடக்கே இன்னும் போயிருந்தது. அவர்கள் தலைமேல் இருந்த ஓரம் கிழிந்து, நடுவில் கறுப்பாகக் கடல் தெரிந்தது. படத்தில் கறுப்பு என்றால் மேகம் இல்லை.

அவள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"விடுங்க," என்றாள். "கையை எடுங்க. இது போயிடும்."

யாரும் கையை எடுக்கவில்லை. முதலில் கணவன் எடுத்தான். பிறகு நாத்தனார். கொழுந்தன் கடைசிவரை நுனியைப் பிடித்தபடியே நின்றான். துளிகள் இன்னும் கொஞ்ச நேரம், ஒன்றிரண்டாக, யோசித்து யோசித்து விழுந்தன. பிறகு நின்றன. காற்று எழுந்து விரிப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மேற்கே ஒரு வெளிச்சக் கோடு விழுந்து, அது அகலமாகி, கடைசியில் அவர்கள் எல்லாருக்கும் கண் கூசியது.

"கண்ணு தெரியலையான்னு கேட்டது யாரு?" என்று நாத்தனார் கைப்பிடிச் சுவருக்குப் போய்த் தெருவைப் பார்த்துக் கேட்டாள். ஜன்னல்களில் யாரும் இல்லை.

கீழே பெயிண்டர் வாளியைத் திறந்துகொண்டிருந்தார். "அண்ணி," என்று கூப்பிட்டார். பெயரில் ஆன்டெனாவைக் காணோம். "வெளிச்சுவர் அடிக்கலாமா?"

"சாயங்காலம் வரைக்கும் அடிங்க!"

"இன்னைக்குத் திங்கட்கிழமையாச்சே?"

"அதுக்குத்தான் சொல்றேன்!"

கணவன் படி அறைக்குள் போய் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் மெஷின் ஓடுவதைப் பார்ப்பதுபோலவே பார்த்தான். "இதைப் பத்தவச்சது எல்லாம் நீதானே?" என்றான்.

"ஆமா."

"எல்லாமே?"

"எல்லாமே."

தலையை ஆட்டிவிட்டுக் கீழே போனான். பிறகு கடையில் யாரிடமோ அவன் அதைச் சொல்லும் சத்தம் கேட்டது. மெஷின் சத்தத்துக்கு மேலே, கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக.

மருத்துவமனை விரிப்புகள் மத்தியானமே காய்ந்துவிட்டன. கொழுந்தன் அவற்றை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, கயிற்றுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தான். டிஷ் இருந்த மூலை காலியாக இருந்தது. அண்ணி படி அறைக் கூரைமேல் போல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இங்கேயிருந்து அந்தக் கம்பம் வரைக்கும் ஒண்ணு கட்டறேன்."

"கட்டு."

"இன்னும் ஒண்ணு உயரமா, அந்தக் கூரைக்கு மேல கம்பம் வச்சு? நல்ல வெயில் அங்கதான்."

அண்ணி எழுந்து நின்றாள். கூரையின் விளிம்பு வரைக்கும் கையை நீட்டி ஒரு கோடு போட்டுக் காட்டினாள்.

"இது வரைக்கும் எவ்வளவு வேணாலும் கட்டிக்கோ தம்பி. இதுக்கு மேல வேண்டாம்."

"இதுக்கு மேல யாரு இடம்?"

"என்னுது," என்றாள்.

அவன் கயிற்றின் முனையைப் பிரித்து, அவள் காட்டிய உயரத்துக்கு ஒரு சாண் கீழேயே முதல் முடிச்சைப் போட்டான்.